மரவேலைக் கண்காட்சிக்கு முதல் தடவை போகிறேன், எதைப் பார்ப்பது, எதை வாங்காமல் இருப்பது?

மரத்தூள்:
இரண்டு வருடமாக வீட்டு மூலையில் மேசை போட்டு மரவேலை பழகுகிறேன். இதுவரை செய்தது மூன்று ஸ்டூல் (ஒன்று ஆடும்), ஒரு புத்தக அலமாரி. அடுத்த வாரம் முதன்முறையாக ஒரு மரவேலைக் கண்காட்சிக்குப் போகிறேன். எனக்கு என்மேலேயே நம்பிக்கை இல்லை. முன்பு ஒருமுறை செயல்விளக்கம் பார்த்து மயங்கி, ரவுட்டருக்கு (மரத்தில் பள்ளமும் விளிம்பு வடிவமும் வெட்டும் மின்கருவி) மாட்டும் பிட் (வெட்டுமுனை) செட் ஒன்று வாங்கினேன். மொத்தம் 24 பிட். வீட்டுக்கு வந்து பார்த்தால் தண்டு கால் அங்குலம், என் ரவுட்டரின் காலெட் (தண்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) 6 மி.மீ. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. இந்த முறை ஓர் இழைப்புளியும் கொஞ்சம் பலகையும் வாங்க ஆசை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய உளி:
தம்பி, உள்ளே போகாததே நல்லது. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. இதே தலைகீழாக, கால் அங்குலக் காலெட்டில் 6 மி.மீ. தண்டைப் போட்டிருந்தால் இறுகியது போலத் தெரியும், சுற்றும்போது நழுவி வந்துவிடும். உங்கள் காலெட் அளவு, ரம்பத் தட்டின் விட்டம், அதன் நடுத்துளை எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் செயல்விளக்கம். மேடையில் இருக்கும் மரம் கணு இல்லாதது, ரேகை நேராக ஓடுவது. அலகு அன்று காலையில்தான் தீட்டியது. அதில் யார் இழைத்தாலும் சீவல் பட்டுத்துணி மாதிரி சுருண்டு வரும். நான் ஓர் அடி நீளத் தேக்குக்கட்டை ஒன்றைப் பையில் கொண்டுபோவேன். ரேகை முன்னும் பின்னும் புரண்ட கட்டை, எப்படி இழைத்தாலும் பிய்யும். “இதில் ஒரு தடவை காட்டுங்களேன்” என்று நீட்டுவேன். பலர் நழுவிவிடுவார்கள். ஒருவர் மட்டும் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அலகின் மேல் உட்காரும் தகட்டை வெட்டுமுனைக்கு மயிரிழை தூரம் வரை நகர்த்தினார், அலகை மெல்லிசாக வெளியே விட்டார், பிய்யாமல் இழைத்துக் கொடுத்தார். அவரிடம் நான் எதுவும் வாங்கவில்லை, இன்றும் கொஞ்சம் கூச்சம்தான். வீட்டுக்கு வந்து என் பழைய இழைப்புளியில் அதே மாதிரி தகட்டை நகர்த்தினேன். புது இழைப்புளி ஆசையே போய்விட்டது.

பலகை வாங்கினால் அகலமுகத்தைப் பார்த்து மயங்காமல் முதலில் முனையில் தெரியும் குறுக்கு வெட்டைப் பாருங்கள். வளையக் கோடுகள் செங்குத்தாக நின்றால் பலகை அவ்வளவாகக் குழியாது. படுத்து வளைந்திருந்தால் குழியும். மரம் வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முனையில் மெழுகு பூசியிருந்தால் வெடிப்பை மறைத்திருக்கிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள், அந்த வழியாக ஈரம் சட்டென்று வெளியேறி வெடிக்காமல் இருக்கத்தான் அது. ஈரமானி இருந்தால் குத்திப் பார்க்கலாம். ஆனால் தடித்த பலகையில் ஊசி மேலாகத்தான் அளக்கும், உள்ளே பச்சையாக இருக்கலாம்.

சாய்வுமேசை:
நான் போவதே காட்சிக்கு வைத்த மேசை நாற்காலிகளைப் பார்க்கத்தான். எல்லோரும் மேலே பளபளப்பைத் தடவுவார்கள், நான் குனிந்து அடியில் பார்ப்பேன். கூட வரும் என் மகள் தெரியாதவள் போலத் தள்ளி நிற்பாள். மேற்பலகையைச் சட்டத்தோடு எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். திருகாணித் துளை நீள்வட்டமாக இருந்தால், பலகை விரியவும் சுருங்கவும் இடம் விட்டிருக்கிறார் என்று அர்த்தம். சுற்றிலும் பசை போட்டு இறுக்கியிருந்தால் அந்த மேசை ஒருநாள் வெடிக்கும். செய்தவர் பக்கத்திலேயே இருந்தால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். இழுப்பறையைத் திறந்து பார்க்கவா என்று கேட்டால் அவருக்கே முகம் மலரும்.

இயந்திரப் பகுதிக்குப் போகும்போது காதில் அடைத்துக்கொள்ள ஏதாவது எடுத்துப் போங்கள்.

இடதுகை:
பழைய உளி அண்ணன் சொல்வது சரி, ஆனால் இழைப்புளி ஆசையை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். கையில் பிடித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. எனக்கு விரல் நீளம். படத்தைப் பார்த்து வாங்கிய இரண்டு இழைப்புளியிலும் சுண்டுவிரலுக்கு இடமில்லை. ஓர் இரும்பு அடிக்கோல் எடுத்துப் போய் அடிப்பாகத்தில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். அலகு வாய்க்கு முன்னால் கீற்று வெளிச்சம் தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

மரத்தூள்:
எல்லோருக்கும் நன்றி. காகிதம் எழுதியாகிவிட்டது, முதல் வரி “காலெட் 6 மி.மீ.” பலகை இந்த முறை வேண்டாம், பார்த்துவிட்டு மட்டும் வருகிறேன். ரேகை புரண்ட கட்டைதான் கைவசம் இல்லை. ஆடும் ஸ்டூலின் கால் அப்படிப்பட்டதுதான், கழற்றி எடுத்துப் போகட்டுமா அண்ணா?

பழைய உளி:
தாராளமாக. ஏன் ஆடுகிறது என்றும் யாரிடமாவது கேட்டுவிட்டு வாருங்கள்.