ஒருவழிச் சிக்னலுக்கு எழுதிய விதிகளில் சிக்கல், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் ஒரு பக்கம் மட்டும்தான் வண்டி போகும். மூடுபனி இறங்கிவிட்டால் எதிர்முனையே தெரியாது. அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு தானியங்கிச் சிக்னல் மாதிரி செய்துகொண்டிருக்கிறேன்.

நிரலை நான் எழுதவில்லை. விதிகளை மட்டும் கொடுத்தால் கருவியே நிரலை உருவாக்க வேண்டும். இது முடியுமா என்பது 1957இல் தர்க்கவியலாளர் அலான்சோ சர்ச் எழுப்பிய கேள்வி. ‘எப்போதும்’, ‘எப்போதாவது’ என்று காலத்தை வைத்து விதி எழுதும் தர்க்க மொழியான எல்டிஎல்லில் முழுமையாக எழுதினால் கணக்கு தாங்க முடியாத அளவுக்கு வீங்கிவிடும் என்பதால் ஜிஆர்(1) என்ற அதன் எளிய வடிவத்தில், நிரலை உருவாக்கும் ஸ்லக்ஸ் என்ற கருவிக்குக் கொடுத்தேன். ‘சூழல் பற்றிய அனுமானங்கள் பலித்தால் சிக்னல் தன் கடமைகளைச் செய்யும்’ என்பதுதான் அந்த வடிவம்.

உள்ளே எதிர்வண்டி இருக்கும்போது பச்சை கூடாது, காத்திருக்கும் வண்டிக்கு எப்போதாவது பச்சை கிடைத்தே ஆக வேண்டும். இந்த விதிகளுக்குக் கருவி முதலில் ‘சாத்தியமில்லை’ என்றது. நியாயம்தான், உள்ளே போன வண்டி வெளியே வராமலே நின்றுவிட்டால் சிக்னல் என்ன செய்யும்? ‘பாதை அவ்வப்போது காலியாகும்’ என்ற அனுமானத்தைச் சேர்த்ததும் நிரல் வந்தது. ஆனால் இறங்கும் பக்கத்துக்கே பச்சை காட்டிக்கொண்டிருக்கிறது! வண்டிகள் தொடர்ந்து வருவதால் பாதை காலியாவதே இல்லை. அனுமானம் பொய்த்துவிட்டதால் மறுமுனைக்குப் பச்சை தரும் கடமையும் அதற்கு இல்லை. அங்கே ஆம்புலன்ஸ் நின்றாலும் இதே கதிதான், அதுதான் மனதை உறுத்துகிறது.

அனுமானத்தை, ‘இரு முனையும் சிவப்பாகவே நீடித்தால் பாதை காலியாகும்’ என்று மாற்றலாமா? ‘சிவப்பு இல்லை அல்லது பாதை காலி, இது திரும்பத் திரும்ப நிகழும்’ என்று எழுதினால் போதுமா, வேறு ஓட்டை ஏதும் இருக்குமா? இதில் கைப்பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். விதிக்கோப்பைக் கேட்டால் உடனே அனுப்புகிறேன்.