7 புள்ளி சராசரி, 7 சாம்பியன்ஷிப்: ராபர்ட் ஹோரிக்கு வெறும் அதிர்ஷ்டம்தானா?

பன்னிரண்டாம் ஆள் கேட்டது:
நண்பனோடு மூன்று நாளாக வாக்குவாதம். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் மைக்கேல் ஜோர்டானுக்கு 6 சாம்பியன்ஷிப், ராபர்ட் ஹோரிக்கு 7. "ஹூஸ்டனில் ஒலாஜுவான், லேக்கர்ஸில் ஷாக், சான் அன்டோனியோவில் டங்கன் என்று பெரிய ஆளாகப் பார்த்து ஒட்டிக்கொண்டார், அவ்வளவுதான்" என்கிறான். 16 சீசன், ஆட்டத்துக்குச் சராசரி 7 புள்ளி, ஒருமுறைகூட ஆல்-ஸ்டார் (நட்சத்திர வீரர்கள் ஆட்டம்) இல்லை. அவனை மடக்க எனக்கு வார்த்தை வரவில்லை. நானும் என் டீமில் பெஞ்ச்தான், அதனால் கொஞ்சம் ரோஷம் வேறு.

பழைய ஸ்கோர்ஷீட்:
உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. 1994 பிப்ரவரியில் ஹூஸ்டன் இவரை டெட்ராய்டுக்குத் தள்ளிவிட்டது. பதிலுக்கு வர வேண்டிய ஷான் எலியட்டுக்கு மருத்துவப் பரிசோதனையில் சிறுநீரகக் கோளாறு தெரிந்ததால் பேரம் ரத்தானது. ஹோரி திரும்பி வந்தார், ஜூன் மாதம் கோப்பை. அந்த சீசனில் டெட்ராய்டு ஜெயித்தது வெறும் 20 ஆட்டம். இதை அதிர்ஷ்டம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

ஸ்கிரீன் போடுபவன்:
அதிர்ஷ்டம் அவரை ஹூஸ்டனில் வைத்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த வருடம் நடந்ததைப் பாருங்கள். கிளப் அளவில் 11 வருடம் பவர் ஃபார்வர்டாக ஆடியவன் நான். என் வேலை இடிபடுவது, அதனால் இது எனக்குக் கண்ணில் பட்டுவிடும்.

1995இல் நட்சத்திர வீரர் டிரெக்ஸ்லரைக் கொண்டுவர ஹூஸ்டன் ஓடிஸ் தோர்ப்பைக் கொடுத்துவிட்டது. தோர்ப் கூடைக்கடியில் மல்லுக்கட்டும் ஆள். அந்த இடத்துக்கு ஒல்லியான ஹோரி வந்தார். வந்தவர் உள்ளே போகாமல் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்றார். இப்போது எல்லா டீமிலும் இதுதான் வழக்கம், அன்று அப்படி இல்லை. ஃபைனல்ஸில் ஆர்லாண்டோவின் ஹோரஸ் கிராண்ட் ஹோரியைக் காக்க வெளியே வந்தாக வேண்டும். வராவிட்டால் ஹோரி சுடுவார். வந்தால் ஒலாஜுவானுக்கு உள்ளே தாராளமாக இடம். ஹோரி வெறுமனே நின்றதற்கு எந்த ஸ்கோர்ஷீட்டிலும் கட்டம் கிடையாது. (பழைய ஸ்கோர்ஷீட் அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) அதே தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் 7 ஸ்டீல், அதாவது எதிரணியிடமிருந்து ஏழு முறை பந்தைப் பறித்தார். அது ஃபைனல்ஸ் சாதனை.

2002இல் லேக்கர்ஸ் அணியில், சாக்ரமெண்டோவுக்கு எதிரான நாலாவது ஆட்டம். கோபி தவறவிட்டார், ஷாக்கும் தவறவிட்டார், சாக்ரமெண்டோவின் டிவாட்ஸ் பந்தைத் தட்டிவிட்டார். அது நேராக ஹோரி கைக்குப் போனது, சுட்டார், லேக்கர்ஸுக்கு வெற்றி: 100-99. பந்து அங்கே போனது அதிர்ஷ்டம்தான். ஆனால் கடைசி நொடியில் எல்லோரும் ரீபவுண்டுக்கு முண்டியடிக்கும்போது கோட்டுக்கு வெளியே ஒருவன் காத்து நிற்பது லேசான காரியமில்லை. நான் நின்றதே இல்லை, ஓடிப்போய் விழுந்திருக்கிறேன்.

பழைய ஸ்கோர்ஷீட்:
கோபமெல்லாம் இல்லை. அவர் லேக்கர்ஸுக்குப் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். 1997 ஜனவரியில் ஃபீனிக்ஸில் ஆடும்போது சொந்தக் கோச் டேனி ஐன்ஜ் மீதே டவலை எறிந்தார். சில நாளில் அனுப்பிவிட்டார்கள். போன இடத்தில் மூன்று கோப்பை!

ஸ்கிரீன் போடுபவன்:
நான் எறிந்திருந்தால் வீட்டுக்குத்தான் அனுப்பியிருப்பார்கள்.

2005ஐ விட்டுவிட்டேன். அப்போது ஹோரி சான் அன்டோனியோவில். ஃபைனல்ஸ் 2-2, ஐந்தாவது ஆட்டம், டெட்ராய்டில். முதல் பாதியில் ஹோரிக்குப் பூஜ்யம், முடிவில் 21. ஓவர்டைமில் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை ஆட்டத்துக்குள் எறிந்தவரே அவர்தான். கார்னரில் சக வீரர் ஜினோபிலியை மடக்க டெட்ராய்டின் ரஷீத் வாலஸ் ஹோரியை விட்டுவிட்டு ஓடினார். பந்து திரும்பி ஹோரிக்கே வந்தது, சுட்டார். சான் அன்டோனியோவுக்கு வெற்றி: 96-95. பாதி ஆட்டம் சும்மா இருந்துவிட்டுக் கை நடுங்காமல் சுடுவது எப்படி இருக்கும் என்று பெஞ்சில் இருக்கும் உங்களுக்கே தெரியும்.

பன்னிரண்டாம் ஆள்:
தெரியும், அதனால்தான் கேட்டேன். 1995 இரண்டாவது ஆட்டத்தை அவனை உட்காரவைத்துக் காட்டினேன். முழுதாகப் பார்த்துவிட்டு, "சரி, புள்ளி எத்தனை?" என்கிறான்.