‘ஓடி’ (OD) நாளில் உங்கள் வீட்டுப் பிள்ளை என்ன வேலை செய்தது?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா, ஒஸ்லோ

நோர்வேயில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு ஓடி தெரிந்திருக்கும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒப்பரேஷன் டாக்ஸ்வெர்க் என்பது முழுப்பெயர், டாக்ஸ்வெர்க் என்றால் ஒரு நாள் வேலை. 1964 இலிருந்து நடக்கிறது. இலையுதிர் காலத்தில் ஒரு நாள், எட்டாம் வகுப்பிலும் அதற்கு மேலேயும் படிக்கிற பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக எங்காவது வேலைக்குப் போவார்கள். சம்பளம் அவர்கள் கைக்கு வராது. வேலை கொடுத்தவர் நேரே ஓடிக்குக் கட்டிவிடுவார். அது வேறொரு நாட்டுப் பிள்ளைகளின் படிப்புக்குப் போகும்.

மகள் ஓடி வேலைக்கான ஒப்பந்தத் தாளோடு வந்து நின்றாள். நான் துப்புரவு வேலை. மேலாளரிடம் கேட்டேன், கூட்டிக்கொண்டு வா என்றார். கைப்பிடிகளைத் துடைப்பது, கூடைகளுக்குப் புதுப் பை போடுவது, அவ்வளவுதான். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இலகுவான வேலைதான் கொடுக்கலாம், சட்டம் அப்படி. ஆனால் மூன்றாம் மாடிக்கு வரும்போதே, "அப்பா, இதைத் தினமும் செய்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் வேறு பேச்சு. வன்னியில் இடம்பெயர்ந்து படித்த காலத்தில் எங்களுக்கும் வெளியிலிருந்து பையும் கொப்பியும் வந்தன என்றேன். யார் அனுப்பினார்கள் என்று யோசித்தீர்களா என்றாள். இல்லை, அடுத்த நாள் கணக்குப் பரீட்சை இருந்தது என்றேன். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. காசு கொடுக்கிறவர் மனநிலையில் நின்று கேட்கிறாள். வாங்கினவன் கொப்பியைத்தான் பார்ப்பான்.

பழைய மாணவப் பிரதிநிதி, பேர்கன்

நான் பார்த்ததில் எனக்குப் பிடித்தது வேலை நாள் இல்லை, அதற்கு முந்தின வாக்கெடுப்பு. எந்த நிறுவனத்தின் திட்டத்துக்குக் காசு போகவேண்டும் என்று மாணவர்களின் தேசியக் கூட்டமான எலெவ்திங்கெட்டில் நாங்களே முடிவு செய்தோம். பெரிய உதவி நிறுவனங்களின் ஆட்கள் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளின் முன்னால் நின்று விளக்கம் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் விடமாட்டார்கள். நிர்வாகச் செலவு எவ்வளவு? நீங்கள் கிளம்பின பிறகு ஆசிரியர் சம்பளத்தை யார் கொடுப்பது? அந்த ஊர் இளையோரிடம் கேட்டுத்தான் திட்டம் போட்டீர்களா? வியர்த்துப்போன ஒருவரை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சுவரொட்டிப் படங்களுக்கும் சண்டை வந்தது. ஈ மொய்க்கும் குழந்தை முகத்தைக் காட்டிக் காசு கேட்கக்கூடாது என்று ஒரு பக்கம், காட்டாவிட்டால் யாரும் தரமாட்டார்கள் என்று இன்னொரு பக்கம். நான் முதல் பக்கம். நோர்வே மாணவர் உதவி அமைப்பான சாய் 2012 இல் வெளியிட்ட கிண்டல் காணொளியைப் பார்த்தவர்களுக்குப் புரியும். குளிரில் நடுங்கும் நோர்வேக்காரர்களுக்காக ஆப்பிரிக்கர்கள் ஹீட்டர் சேகரிப்பார்கள். பெயர் ரேடி-எய்ட்.

விறகு அடுக்கக் கொடுத்து ஏமாந்தவர்

பக்கத்துத் தெருப் பையன்கள் இரண்டு பேர் விறகு அடுக்க வந்தார்கள். நன்றாகத்தான் அடுக்கினார்கள், ராத்திரியில் எல்லாம் சரிந்துவிட்டது. காசு முதலே கட்டியாயிற்று, பரவாயில்லை. என் ஆத்திரம் வேறு ஆட்கள்மேல். பிள்ளையைப் பன்னிரண்டு மணிவரை தூங்கவிட்டு, அப்பாவே தொகையைக் கட்டிவிடுகிறார்களே, அவர்கள்மேல். நன்கொடை கொடுக்க வருடத்தில் மற்ற நாட்கள் எல்லாம் கிடக்கின்றன.

ஆசிரியை, ஒஸ்லோவுக்கு வெளியே

தூங்கவிடுகிற வீடுகளைத் திட்டலாம், சரி. வேலையே கிடைக்காத பிள்ளைகளை என்ன செய்வது? அப்பாவுக்கு அலுவலகம் இருந்தால் பிள்ளைக்கு அங்கே ஒரு நாற்காலி கிடைக்கும். போன வருடம் நாட்டுக்கு வந்த பிள்ளைக்கு யாரைத் தெரியும்? கலந்துகொள்வது அவரவர் விருப்பம், வராதவர்களுக்குப் பள்ளியில் அன்று வேறு பாடம் உண்டு. என் வகுப்பில் அப்படி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் வேலை தேடி அலுத்தவர்கள். உதவி போகிற நாடுகளிலிருந்தே வந்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள், அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அடுத்த தடவை அவர்களைக் கூட்டாக இறக்கினோம். சிலர் கேக் விற்றார்கள், சிலர் வெற்றுப் போத்தல் சேர்த்தார்கள். போத்தலைக் கடை இயந்திரத்தில் போட்டால் வாங்கும்போது கட்டின வைப்புக் காசு திரும்பக் கிடைக்கும், அப்போது சின்னதுக்கு 2 குரோனர், பெரியதுக்கு 3. பைகளோடு கடை இயந்திரத்தின் முன்னால் வரிசையில் நின்று போட்டுக்கொண்டே இருந்தார்கள், பின்னால் நின்றவர்கள் முறைத்தார்கள். கேக் விற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் அதிகம் சேர்ந்தது.

யேர்மனியிலிருந்து ஒருவர்

இங்கேயும் ஓடி மாதிரி 2003 இலிருந்து அக்சியோன் டாக்வெர்க் நடக்கிறது, ஆப்பிரிக்காவுக்கான நாள். சிறிய வகுப்புகள் வேலைக்குப் போகாமல் நடப்பார்கள், சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே ஆதரவுத் தொகை பேசிவைப்பார்கள். என் மகன் மாமாவிடம் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு, நிற்காமல் சுற்றினான். மாமா இப்போது மொத்தத் தொகைதான் பேசுவார்.

கடைக்காரர், ஒஸ்லோ

ஆசிரியை அக்கா, உங்கள் வகுப்பில் வேலை கிடைக்காத பிள்ளைகள் இருந்தால் இரண்டு பேரை என் கடைக்கு அனுப்புங்கள். அரிசி மூட்டை தூக்கச் சொல்லமாட்டேன். தட்டுகளில் பொருள் அடுக்குவது, விலை ஒட்டுவது, திகதி முடிந்ததை எடுத்து வைப்பது. ஒப்பந்தத் தாளை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒன்பது மணி என்றால் ஒன்பது மணி.