மறு: ‘மறைமுக அனுமானம்’ வேண்டாம், ‘தொக்க எடுகோள்’ சரிவருமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

> வாதத்தில் சொல்லாமலே நம்பி விடப்படும் கருத்தை ‘மறைமுக அனுமானம்’ எனலாமா?

அனுமானம் வேண்டவே வேண்டாம். புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று அறிவதுதான் அனுமானம். நாம் பெயர் தேடுவது, அப்படி அறியத் தொடங்குமுன்பே உண்மை என்று எடுத்துக்கொண்ட ஒன்றுக்கு. இலங்கையில் உயர்தர வகுப்பில் அளவையியல் (தருக்கம்) படித்தவர்கள் அதை எடுகோள் என்பார்கள். அதையே வைத்துக்கொள்வோம்.

‘மறை’யும் எனக்குப் பொருந்தவில்லை. மறைக்க ஓர் எண்ணம் வேண்டும். இங்கே சொல்பவருக்கே, தான் ஒன்றை விட்டுவிட்டது பெரும்பாலும் தெரியாது.

போன கிழமை வெள்ளவத்தையில் என் வகுப்பில் ஒரு மாணவன் சொன்னதைக் கரும்பலகையில் எழுதினேன். புறக்கோட்டை கெய்சர் வீதித் துணிக்கடைக்காரரைப் பற்றியது. ‘அவர் வீட்டில் தமிழ் கதைக்கிறார். ஆகவே அவர் தமிழர்.’ இரண்டுக்கும் நடுவில் ஒரு வரிக்கு இடம் விட்டேன். வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. அப்புறம் பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை எழுந்துவந்து எழுதினாள்: ‘வீட்டில் தமிழ் கதைக்கும் எல்லோரும் தமிழர்.’ சோக்கட்டியை வைத்துவிட்டு, “சேர், எங்கட வீட்டிலயும் தமிழ்தான்” என்றாள். குடிசன மதிப்பீட்டில் அவள் குடும்பம் இலங்கைச் சோனகர், அதாவது தமிழரோடு சேர்க்காமல் தனி இனமாகக் கணக்கிடப்படும் முஸ்லிம்கள்.

அந்த வரி வந்ததும் உய்த்தறிதலின் (கூற்றுகளிலிருந்து முடிவைப் பெறுவதன்) வடிவம் நிறைந்துவிட்டது. முடிவுக்கு ஆதாரமான இரண்டு கூற்றுகளையும் (எடுகூற்றுகளையும்) ஏற்றால் முடிவை மறுக்க வழியே இல்லை. பிழை முழுவதும் அந்த நடுவரியில் இருக்கிறது. அதை எழுதாதவரை, ‘எங்கேயோ இடிக்கிறது’ என்று மட்டுமே சொல்லியிருப்போம்.

இதற்கு நம் இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது. ‘தேர்ப்பாகன்’ என்றால் ‘தேரை ஓட்டும் பாகன்’. ‘ஐ’ உருபும் ‘ஓட்டும்’ என்ற பயனும் தொக்கு, அதாவது சொல்லப்படாமல் உள்ளடங்கி, நிற்கின்றன. யாரும் ஒளித்துவைக்கவில்லை. கேட்பவர் நிரப்பிக்கொள்வார் என்று மொழியே விட்டுவைத்தது. வாதத்திலும் நடப்பது இதுதான். அதனால் ‘தொக்க எடுகோள்’ என்கிறேன். வினையும் கூடவே கிடைக்கிறது: தொகையை விரிப்பது போல வாதத்தை விரித்தல். ‘இந்த வாதத்தை விரித்து எழுதுக’ என்று வினாத்தாளில் கேட்டால் மாணவருக்கு உடனே விளங்கும்.

‘தொக்கெடுகோள்’ என்று சேர்த்தால் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஊறுகாய் நினைவு வரலாம். பிரித்தே எழுதுவோமா, அல்லது ‘தொகையெடுகோள்’ மேலா? இலக்கணம் கற்பிப்பவர்கள் சொல்லுங்கள். அடுத்த தவணைக் குறிப்புகளில் சேர்க்க வேண்டும்.