பிரின்ஸ்டனில் வில்சனைக் கவிழ்த்தது பணமா, அவரேதானா?

பழைய ஏடு:
1902-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவரான உட்ரோ வில்சனை (பின்னாளில் அமெரிக்க அதிபர்) 1910-ல் வெளியே தள்ளியது பணக்காரப் பழைய மாணவர்கள்தான் என்பது என் கட்சி. 1905-ல் ஐம்பது பேர் அளவுக்கு இளம் ஆசிரியர்களை ஒரே மூச்சில் எடுத்து, நாலைந்து மாணவர்களோடு உட்கார்ந்து விவாதிக்கும் வகுப்புகளைக் கொண்டுவந்தார். அதைப் பெரிதாக யாரும் எதிர்க்கவில்லை. 1907-ல் பிராஸ்பெக்ட் அவென்யூ தெருவில் இருந்த, பொறுக்கியெடுத்த சீனியர் மாணவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் சாப்பாட்டு கிளப்களில் கை வைத்த பிறகுதான் சண்டை.

குறுக்குக்கேள்வி:
கை வைத்த விதத்தையும் சொல்லுங்க. நாலு வருஷ மாணவரும் முற்றம் வைத்த விடுதிகளில் தங்கி அங்கேயே சாப்பிடணும், கிளப்கள் அதில் கரையணும். ஆசிரியர்கள் காதில் போடாமலே ஜூனில் பல்கலையை நிர்வகிக்கும் அறங்காவலர்களிடம் ஒப்புதல் வாங்கினார். கட்டப் பணமும் கையில் இல்லை. அக்டோபரில் அதே அறங்காவலர்கள் வாபஸ் வாங்கச் சொல்லிட்டாங்க.

பழைய ஏடு:
காசு கொடுப்பவன் பேச்சுதானே எடுபட்டது? 1909-ல் சோப்பு கம்பெனி வில்லியம் கூப்பர் பிராக்டர் பட்டமேற்படிப்புக் கல்லூரிக்கு 5 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். பல்கலையும் அதே அளவு திரட்டணும், இடமும் அவருக்குப் பிடிக்கணும். வில்சன் கேட்டது வளாகத்தின் நடுவில். பட்டமேற்படிப்பு டீன் ஆண்ட்ரூ வெஸ்ட் கேட்டது ஒதுக்குப்புறமான கோல்ஃப் மைதானம்.

குறுக்குக்கேள்வி:
இடம்தான் உயிர்நாடி என்று வாதாடியவர், 1910 ஜனவரி கூட்டத்தில் இட விஷயத்தில் பிராக்டர் இறங்கிவந்த கடிதத்தை அறங்காவலர் மோசஸ் டெய்லர் பைன் நீட்டியதும், கொள்கை சரியாக இருந்தால் மெர்சர் கவுன்டியில் (பிரின்ஸ்டன் இருக்கும் மாவட்டம்) எங்கே வைத்தாலும் நடத்தலாம் என்றுவிட்டார். வெஸ்டின் திட்ட நூலுக்கு முன்னுரை தந்தீர்களே என்றதற்கு, நூலைப் பார்க்கும் முன்பே எழுதினேன் என்றார். அப்புறம் யார் நம்புவாங்க?

வடகாற்று:
அன்றைக்கே ஆட்டம் முடியலை. பிப்ரவரியில் பிராக்டர் நன்கொடையையே திரும்பப் பெற்றார். வில்சனை மடக்கியது மே மாதம் இறந்த பழைய மாணவர் ஐசக் வைமன், பட்டமேற்படிப்புக் கல்லூரிக்குச் சொத்தை எழுதிவைத்த உயில். 20 லட்சம் டாலருக்கு மேல் என்று பேச்சு; உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் வெஸ்ட்! வெஸ்ட் கேட்ட இடத்துக்கு வில்சன் பணிந்தார். பிறகு கணக்குப் பார்த்தால் அதில் பாதிகூடத் தேறவில்லை. இன்னொன்று: கிளப் பாகுபாட்டை எதிர்த்தவரேதான், 1909-ல் விண்ணப்பிக்க விரும்பிய கறுப்பின மாணவருக்கு 'இங்கே வர வேண்டாம்' என்கிற பாணியில் பதில் போடச் சொன்னார். அவரை ஜனநாயகவாதி ஆக்கும்முன் அதையும் தராசில் வையுங்க.

பழைய ஏடு:
அது கறைதான், மறுக்கவில்லை. ஆனால் விடுதித் திட்டம் பிழையில்லை. 1928-ல் கோடீஸ்வரர் எட்வர்ட் ஹார்க்னஸ் பணத்தில் ஹார்வர்டில் அதன் தலைவர் லோவெல் தொடங்கியதும் அதே மாதிரித் திட்டம்தான்.

குறுக்குக்கேள்வி:
லோவெல் பணம் உறுதியான பிறகுதான் அறிவித்தார். கிளப்களை மூடச் சொல்லவும் இல்லை.