வெண்பொங்கலுக்கு எத்தனை கலோரி? கணக்குப் போட உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. மதுரையில் சின்ன டிபன் கடை நடத்துகிறேன். பத்துக் கிளையோ அதற்கு மேலோ வைத்திருக்கும் உணவகங்கள் மெனுவில் கலோரி போட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி. எனக்கு இருப்பது ஒரே கடை, கட்டாயம் இல்லை. ஆனாலும் போர்டில் எழுத ஆசை.

தினமும் வரும் பெரியவர் ஒருவர் போன வாரம் இலையைப் பார்த்தபடியே கேட்டார்: “தம்பி, இந்தப் பொங்கல்ல எவ்வளவு கலோரி இருக்கும்? டாக்டர் கணக்குப் பாத்துச் சாப்பிடச் சொல்லிட்டாரு.” எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

அன்று மதியமே, பொங்கலுக்கு மேலே ஊற்றும் ஒரு கரண்டி நெய்யைத் தராசில் வைத்தேன். 20 கிராம். கிராமுக்கு 9 கலோரி என்றால் நெய் மட்டுமே 180!

அரிசி, பருப்புக்கு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணை இருக்கிறது, சமாளித்துவிடுவேன். வடைதான் குழப்புகிறது. அது குடிக்கும் எண்ணெயை எப்படிக் கணக்கிடுவது? பொரிப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணெயை எடை போட்டால் போதுமா? தோசைக்கு மாஸ்டர் ஊற்றும் எண்ணெய் ஆளுக்கு ஆள் மாறுகிறது, அதற்குச் சராசரி எழுதலாமா?

ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தவர்கள் இருந்தால் செலவு எவ்வளவு ஆனது என்று சொல்லுங்கள். உணவியல் படித்தவர்கள் யாராவது வழிகாட்டினால் ரொம்ப உதவியாக இருக்கும்.