பழைய அடுக்களைத் திண்டில் எந்த கேஸ் அடுப்பு வைக்கலாம்?

தக்கலைக்காரன்:
தக்கலைக்குப் பக்கத்தில் தாத்தா கட்டிய ஓட்டு வீடு. அடுக்களையில் ஏழடி நீளத்துக்கு இடுப்பளவுத் திண்டு, அதில் மூன்று விறகடுப்பு, மேலே ஆள் நுழையும் அகலத்தில் புகைபோக்கி. எல்லாம் வீட்டில் நெல் அவித்த காலத்துச் சமாச்சாரம். அம்மைக்கு எழுபது தாண்டிவிட்டது. கொதும்பும் (காய்ந்த தென்னம்பாளை) சிரட்டையும் போட்டு ஊதினால் அப்புறம் இருமல் நிற்பதில்லை. அதனால் திண்டிலேயே கேஸ் வைக்கலாம் என்றிருக்கிறேன்.

கடையில் அளவைச் சொன்னதும் ஓட்டலில் வைக்கும் வார்ப்பிரும்பு அடுப்பைக் காட்டினார்கள். இத்தனை பெரிய திண்டுக்கு அதுதான் எடுப்பாக இருக்கும். கோயில் கொடைக்குப் பதினைந்து பேர் வருவார்கள், ஒரு பெரிய செம்புப் பானை நிறைய மரச்சீனிக் கிழங்கு அவிக்க வேண்டும். திண்டுக்கடியில் விறகு அடுக்கும் பொந்தில் சிலிண்டர் கச்சிதமாகப் போகிறது. வாங்கிவிடவா?

குலசேகரம் அக்கா:
பொந்துக்குள் மட்டும் வைக்காதீர்கள் தம்பி. கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் புகை மாதிரி மேலே ஏறாது, பொந்திலேயே தேங்கும். அத்தனை பெரிய புகைபோக்கி இருந்தும் பிரயோசனமில்லை. சிலிண்டரைத் திண்டுக்கு வெளியே, நிமிர்த்தி வையுங்கள். சுவரடியில் வெளியே திறக்கும் ஓட்டையில் எலிக்குப் பயந்து சாக்கு திணித்திருப்பீர்களே, அதை எடுத்துவிட்டு வலை அடியுங்கள்.

அடுப்பு ரிப்பேர்:
ஓட்டல் அடுப்புக்கு ஹை பிரஷர் ரெகுலேட்டர் வேண்டும். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரின் ரெகுலேட்டர் சுமார் 30 மில்லிபார்தான் விடும், அதில் அந்த அடுப்பு சோம்பித்தான் எரியும். ரெகுலேட்டரை மாற்றித் தருகிறோம் என்றால் தலையாட்டாதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள மூன்று பர்னர் அடுப்பு, அதில் ஒரு பெரிய பர்னர், போதும். கொடை வருடத்துக்கு ஒரு தடவைதானே, முற்றத்தில் கல் கூட்டி அவியுங்கள்.

ஆரல்வாய்மொழி:
எங்கள் வீட்டிலும் இதே மாதிரி வைத்தோம். ஆடிக் காற்று புகைபோக்கி வழியாக இறங்கி, சிம்மில் வைத்த பாலடுப்பை அணைத்துவிட்டது. அம்மா கொல்லையில் நின்றார். நாற்றம் வந்துதான் ஓடிவந்தார். அப்புறம் உச்சியில் தகரத் தொப்பி போட்டு, அடுப்பையும் புகைபோக்கிக்கு நேர் கீழே இல்லாமல் நகர்த்தினோம். தொப்பி போடுங்கள், அடைத்துவிடாதீர்கள்.

தக்கலைக்காரன்:
சரி, மூன்று பர்னரே வாங்குகிறேன். ஆனால் மீன்கறிக்கு ஓரத்தில் ஒரு விறகடுப்பு இருக்கட்டும் என்கிறார் அம்மை.

குலசேகரம் அக்கா:
அதே திண்டிலா? சிலிண்டருக்குப் பக்கத்தில் நெருப்புக் கங்கா? பின்பக்கச் சாய்ப்பில் போட்டுக்கொடுங்கள். மீன்சட்டி அங்கேயும் கொதிக்கும்.